ஓடிக்கொண்டிருப்பது

காரைக்குடி, செக்காலை ரோடு,
நகை அடகுக் கடையின் மாடி.
சுண்ணாம்புச் சுவர் இரண்டடி கனம்;
கைபேசியில் ஒரு கோடு ஏறாது.
ஏசி சொட்டும் வாளிக்குப் பக்கத்தில்
நானும் சர்வரும்.

சாத்தப்பன் வேலையை விட்டு மூன்று வாரம்.
வைத்துப்போனது ஒரு பாஸ்வேர்டு,
பாதி தீர்ந்த தைலப் புட்டி.
குறிப்பு ஒன்றும் இல்லை.

கீழே பொன்னழகியின் குரல்.
பள்ளத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறாள்.
"தீவாளிக்கு மொத நா ராத்திரி
பதினொன்னேகாலுக்குச் சங்கிலியத் திருப்புனேன்.
சீட்டுல மறுநா தேதி போட்டு
ஒரு நா வட்டி கூட வாங்கிட்டீக.
பதினோரு ரூவா."
கம்ப்யூட்டர் போட்டது என்றார் கேஷியர்.
எல்லாரும் மாடியைப் பார்த்திருப்பார்கள்.

ஷோ என்று அடித்தேன்.
எதையும் தொடாத கட்டளை அது.
கதவைத் திறக்காமல்
உள்ளே யார் யார் என்று கேட்பதுபோல.
வரிகள் கொட்டின, முதலில் வந்தவை
திரைக்கு மேலே போய்விட்டன.
பக்கம் பக்கமாய்க் காட்டு என்று மறுபடி கேட்டேன்.

பெயர்: அடகு ஒன்று.
அச்சு எந்திரம்: கீழ்த்தளம், இடது.
பேக்கப்: இரவு இரண்டு.
எச்சரிக்கை அனுப்ப வேண்டிய முகவரி: சாத்தப்பன்.
மூன்று வாரமாய் இந்த எந்திரம்
இல்லாத ஆளிடம் முறையிட்டுக்கொண்டிருந்திருக்கிறது.
பாஸ்வேர்டு: எட்டு நட்சத்திரம்.
எத்தனை எழுத்தானாலும் எட்டுதான் காட்டும்.
நேர மண்டலம்: யாங்கோன்.

ஒரு மணி நேரம் முந்தி.
நமக்குப் பதினொன்று அடிக்கையில்
அதற்குத் தேதி மாறிவிடுகிறது.
எட்டரைக்குக் கடை சாத்தும் நாளெல்லாம்
இது யாருக்கும் தெரியாது.
சீட்டில் தேதி மட்டும்தான், மணி கிடையாது.

யாங்கோன் என்றதும் முதலாளி
"ரங்கூனா?" என்று முகம் மலர்ந்தார்.
கதை தொடங்கப் போகிறது.
"விரல் வழுக்கல் சார்" என்றேன்.
"பட்டியலில் கொல்கத்தாவுக்கு நாலைந்து வரி கீழே."

திரும்பி வந்து கோப்பைத் திறந்தால்
அதில் கொல்கத்தா.
சரியாகத்தான் எழுதியிருக்கிறது.
திருத்திய நாள்
போன வருடத் தீபாவளி கழிந்து நான்காம் நாள்.
எந்திரம் அணையாமல் ஓடுவதோ
நானூற்றுப் பன்னிரண்டு நாளாக.
எழுதிவைத்தது வேறு, ஓடிக்கொண்டிருப்பது வேறு.
ஷோ காட்டுவது ஓடுவதை.

அப்படியானால் போன வருடமும்
யாரோ வந்திருக்கிறார்கள்.
யாரோ ஒரு சீட்டை நீட்டியிருக்கிறார்கள்.
சாத்தப்பன் மாடியேறி, கோப்பைத் திருத்தி,
ரீஸ்டார்ட் மட்டும் செய்யாமல்
இறங்கிப் போயிருக்கிறான்.
கூட்டம் நின்றிருக்கும். பசித்திருக்கும்.
அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

இரண்டு தீபாவளி இரவுகள்,
பதினொன்றுக்கு மேல் திருப்பியவர்கள்
எண்பத்தொரு பேர்.
ஏழு ரூபாய், இருபத்தாறு ரூபாய், நாலு ரூபாய்.
"வந்து கேட்டவகளுக்குக் குடு"
என்றார் முதலாளி.
பொன்னழகி பதினொன்றை எண்ணி
முந்தானையில் முடிந்துகொண்டு
பஸ்ஸுக்கு ஓடினாள்.
டிக்கெட் போக வர முப்பது ஆகியிருக்கும்.

இரவு ஒன்பதுக்கு அணைத்து எழுப்பினேன்.
விசிறிகள் இரைந்து அடங்கின.
மறுபடி ஷோ.
நேர மண்டலம்: கொல்கத்தா.
எச்சரிக்கை முகவரி: உமையாள்.
இனி என்னிடம் முறையிடும்.
அறுபத்துச் சொச்சம் வரிகள், ஒவ்வொன்றும் சரி.
யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று
ஒரு வரியும் இல்லை.

கீழ்த்தளம், இடது:
அந்த அச்சு எந்திரத்துக்கு
எண்பது பெயரை அனுப்பினேன்.
முதலாளி மேஜையில் வைக்க ஒரு பிரதி,
எனக்கு ஒன்று.
முடிக்க நாலு நிமிடம் எடுத்தது.
ஒருவருக்கு மட்டும் கைபேசி எண் இல்லை.
கொத்தமங்கலம், பெருமாள் கோயில் பின்புறம்
என்றிருந்தது.